எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏ. முதல் வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்):
கருமுட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிகிறது. எல்லாவற்றிலும் அதே டிஎன்ஏ. அப்புறம் முதன்முதலாக ஒரு செல் பக்கத்துச் செல்லிலிருந்து ஏன் மாறுகிறது? "சில மரபணுக்கள் திறக்கும், சில மூடும்" என்று பாடத்தில் இருக்கிறது. திறக்கச் சொல்வது எது? அங்கேதான் நிற்கிறேன்.

பதில் 1:
முட்டைக்குள்ளேயே பொருட்கள் சமமாகப் பரவியிருக்காது. பழ ஈ முட்டையின் ஒரு முனையில் பைகாய்டு என்ற மரபணுவின் ஆர்என்ஏ குவிந்திருக்கும், அந்தப் பக்கம்தான் தலை வரும். பங்கு பிரியும்போது எந்தச் செல்லுக்கு எது கிடைக்கிறதோ, அதுதான் விஷயம்.

பதில் 2 (கருவியலாளர்):
பழ ஈக்கு அது சரி. பாலூட்டிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 1959-இல் தார்கோவ்ஸ்கி என்ற கருவியலாளர், இரண்டு செல் நிலையில் இருந்த சுண்டெலிக் கருவில் ஒரு செல்லை ஊசியால் அழித்துவிட்டு மற்றதை வளரவிட்டார். முழு எலிக்குட்டி பிறந்தது. பங்கு முன்கூட்டியே பிரிந்திருந்தால் அது நடந்திருக்குமா?

தம்பி, நான் கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கருவுற்ற மூன்றாம் நாள் மனிதக் கருவை நுண்ணோக்கியில் பார்த்தால் எட்டுச் செல்களும் கோலிக்குண்டு போலத் தனித்தனியாகத் தெரியும். நான்காம் நாள் பார்த்தால் எல்லைக்கோடுகளே மறைந்திருக்கும், செல்கள் ஒன்றோடொன்று அப்படி ஒட்டிக்கொள்ளும். எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த காட்சி இது. உன் கேள்விக்கான விடையும் இங்கேதான் தொடங்குகிறது.

ஒட்டிய பிறகு சில செல்கள் நடுவில் சிக்கிக்கொள்கின்றன, அவற்றைச் சுற்றி எல்லாப் பக்கமும் வேறு செல்கள். வெளிச்செல்லுக்கு மட்டும் எதையும் தொடாத ஒரு முகம் மிச்சமிருக்கும். அந்த முகத்தில் குறிப்பிட்ட சில புரதங்கள் கூடுகின்றன. அப்போது யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, டீட்4 என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து, செல்லை வெளிச்சுற்றுச் செல்லாக்கும் சிடிஎக்ஸ்2 மரபணுவைத் திறந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் செல்லிலோ ஹிப்போ என்ற செல் சமிக்ஞை யாப்பை உட்கருவுக்கு வெளியிலேயே நிறுத்திவைக்கிறது. சுண்டெலியில் விரிவாகப் பார்த்து உறுதிசெய்தது இது. ஆக, திறக்கச் சொல்வது செல் இருக்கும் இடம்.

ஐந்தாம் நாள் இரண்டு வகையும் கண்ணுக்கே தெரியும். வெளிச்சுற்று நஞ்சுக்கொடியாகப் போவது, உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் கொத்திலிருந்துதான் குழந்தை. மரபணுப் பரிசோதனைக்கு நாங்கள் சில செல்களை வெளிச்சுற்றிலிருந்து மட்டும் எடுப்பது இதனால்தான். உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை வளர்த்தெடுத்தது அந்த உள்கொத்திலிருந்து: சுண்டெலியில் 1981, மனிதரில் 1998.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. வெளிச்செல்லை எடுத்து நடுவில் வைத்தால்?

பதில் 2 (கருவியலாளர்):
நல்ல கேள்வி. எப்போது வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சுண்டெலியில் பதினாறு செல் நிலையில் வைத்தால் புதிய இடத்துக்கு ஏற்ப அது மாறிக்கொள்ளும். கருவுக்குள் திரவம் நிறைந்து வெளிச்சுற்று நன்றாக அமைந்துவிட்ட பிறகு வைத்தால் மாறாது. வெளிச்செல்லின் சிடிஎக்ஸ்2-வும், உள்கொத்துச் செல்லின் அடையாளமான ஆக்ட்4 மரபணுவும் ஒன்றையொன்று அடக்குபவை. ஒன்று மேலோங்கிவிட்டால் மற்றது எழ முடியாது.

பதில் 3:
அந்தப் பூட்டையும் திறக்கலாம். 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாகாவின் குழு, வளர்ந்த சுண்டெலியின் தோல் செல்லில் ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக் என்ற நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதை ஸ்டெம் செல் போன்ற நிலைக்குத் திருப்பியது. அக்கா சொன்ன அதே ஆக்ட்4 அந்தப் பட்டியலில் முதலில் இருப்பதைக் கவனி.