ஓடைக்கரைக் கொயோட்டி: டெக்சாஸின் பிரிஸ்கோ நகரத் தெருக் குழுவில் ஓர் உரையாடல்

தேன்மொழி (காலை 6:48): அனைவருக்கும் வணக்கம். இன்று விடியற்காலையில் ஓடையை ஒட்டிய பாதையில் நாயுடன் நடந்தபோது, ஒரு கொயோட்டி (ஓநாயை ஒத்த, அதைவிடச் சிறிய காட்டு விலங்கு) சற்று இடைவெளி விட்டுப் பாலம் வரை பின்தொடர்ந்து வந்தது. அது பாயவும் இல்லை, விலகவும் இல்லை. பிள்ளைகள் பள்ளிப் பேருந்துக்கு அந்த வழியாகத்தான் போகிறார்கள் என்பதால் தெரிவிக்கிறேன்.

ராஜாராமன் மாமா (6:55): ஆள் வைத்துப் பிடித்து, ஊருக்கு வெளியே தொலைவில் விட்டுவிட வேண்டியதுதானே? செலவை வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம்.

செந்தில் (7:10): மாமா, டெக்சாஸில் உயிருள்ள கொயோட்டியை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவே தடை இருக்கிறது. 1990களில் தென் டெக்சாஸில் நாய்களிடமும் கொயோட்டிகளிடமும் வெறிநோய் (ரேபிஸ்) பரவியபோது அந்தக் கட்டுப்பாடு வந்தது. 1995 முதல் தடுப்புமருந்து பொதிந்த இரையை விமானத்திலிருந்து தூவி அந்த நோயை அடக்கினார்கள். தடை மட்டும் நீக்கப்படவில்லை.

தேன்மொழி அக்கா, உங்களைத் தொடர்ந்து வந்தது வேட்டைக்காக இருக்காது என்று நினைக்கிறேன். சனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் கொயோட்டிகள் ஏறத்தாழ 60 நாளில் குட்டி ஈனும். ஆகவே ஏப்ரலில் வளை அருகே நாயுடன் யார் வந்தாலும், அந்த எல்லையைத் தாண்டும் வரை உடன் நடந்து வழியனுப்பிவிட்டுத்தான் அவை திரும்பும். சில வாரங்களுக்கு அந்தப் பாதையைத் தவிர்ப்பதே நல்லது.

தேன்மொழி (7:16): பிள்ளைகள் எதிரில் பார்த்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

செந்தில் (7:24): எக்காரணம் கொண்டும் ஓடக்கூடாது. கைகளை உயர்த்திக் கத்த வேண்டும். சில்லறைக் காசு போட்ட தகரக் குவளையைக் குலுக்கினாலும் விலகும். பெரியவர்கள் சிறிய நாயைக் கையில் தூக்கிக்கொண்டு, முதுகு காட்டாமல் பின்வாங்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்குள் வந்தால் குழாய் நீரைப் பீய்ச்சி, அது வேலியைத் தாண்டும் வரை விரட்டுங்கள், ஏனென்றால் பாதியில் நிறுத்தினால் அந்தச் சத்தம் வெறும் சத்தம்தான் என்று கற்றுக்கொள்ளும். ஆனால் குட்டிகள் இருக்கும் வளையருகே விரட்டாதீர்கள்.

ராஜாராமன் மாமா (7:31): கடித்தால் யார் பொறுப்பு? சுட்டுவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

ஜோசப் அண்ணன் (7:52): நகருக்குள் துப்பாக்கிக்கு இடமில்லை மாமா. பண்ணையில் கால்நடையைத் தாக்கும் கொயோட்டியை நில உரிமையாளர் வேட்டை உரிமம் இல்லாமலே சுடலாம். எங்கள் அண்டைப் பண்ணைக்காரர் ஆண்டுதோறும் அதைத்தான் செய்கிறார், ஆனால் அங்கே கொயோட்டி குறைந்ததை நான் பார்த்ததில்லை. நிலைத்திருந்த இணை போனதும் தனக்கென இடமில்லாமல் அலையும் இளங்கொயோட்டிகள் உள்ளே நுழைந்துவிடும். எஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகக் கிடைப்பதால் குட்டிகளும் அதிகம் பிழைக்கும். ஆட்டின் மேல் கைவைக்காத இணை உங்கள் எல்லையில் இருந்தால் அது உங்களுக்கு வாய்த்த காவல் என்பேன்.

நாங்கள் குட்டி போடும் பருவத்தில் ஆடுகளை இரவில் பட்டியில் அடைக்கிறோம், செத்த ஆட்டை அன்றே புதைக்கிறோம், ஆடுகளோடு வளர்ந்த கிரேட் பிரனீஸ் நாயைக் காவலுக்கு விட்டிருக்கிறோம். ஆடுகளுக்குக் காவலாகக் கழுதை வளர்ப்பதாக இருந்தால் பெட்டையோ காயடித்ததோ ஒன்றே ஒன்று போதும். இரண்டு விட்டால் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும், மந்தையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆடு செத்தால் முதலில் காயத்தைப் பாருங்கள். கொயோட்டி பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். உடம்பு முழுக்கக் கண்டபடி கடித்திருந்தால் ஊர் நாயின் வேலையாக இருக்கலாம்.

மீனாட்சி அம்மா (8:05): தம்பி, நான் தினமும் கொல்லைப்புறத்தில் காக்கைக்குச் சோறு வைக்கிறேன். கொயோட்டி சோறு தின்னுமா என்ன?

செந்தில் (8:14): தின்னும் அம்மா. சோற்றைத் தேடி எலி வந்தால், எலியைத் தேடியும் வரும். சிகாகோ நகரம் அடங்கிய குக் கவுண்டியில் (மாவட்டத்தில்) 2000 முதல் ஆய்வு செய்துவரும் காட்டுயிர் ஆய்வாளர் ஸ்டான்லி கெர்ட்டின் குழுவினர் கொயோட்டிகளின் மல மாதிரிகளைச் சோதித்தபோது, 42 விழுக்காட்டில் எலி போன்ற சிறு உயிர்களும், 23 விழுக்காட்டில் பழங்களும் இருந்தன. பூனை ஏறத்தாழ 1 விழுக்காட்டில்தான். காக்கைக்கு வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உயரமான இடத்தில் வைத்து, காக்கை போனதும் மீதியை எடுத்துவிடுங்கள்.

வேண்டுமென்றே உணவு கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. 2022 மே மாதம் டாலஸில் வீட்டு வாசலில் 2 வயதுக் குழந்தையைக் கொயோட்டி கடித்தது. அந்தப் பகுதியில் சிலர் அதற்குக் கையாலேயே உணவு கொடுத்துப் பழக்கியிருந்ததாகச் செய்தி வந்தது. மனிதரைக் கண்டு அஞ்சாத நிலைக்கு வந்த அத்தகைய கொயோட்டியைக் கொல்வதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை என்பதை, மாமா, நானும் ஏற்கிறேன்.

மீனாட்சி அம்மா (8:20): அப்படியானால் மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கிறேன். அமாவாசைப் படையலையும் அங்கேயே வைத்துவிடலாம்.

ராஜாராமன் மாமா (8:26): சரி, சுடும் பேச்சை விட்டுவிடுகிறேன். எங்கள் வேலி ஆறடி உயரம்தான், ஆனால் அடியில் மண் அரித்து இடைவெளி விழுந்திருக்கிறது. அதற்கு என்ன செய்வது, ஜோசப்?

ஜோசப் அண்ணன் (8:33): கம்பி வலையை வேலியின் அடியில் கட்டி, வெளிப்பக்கமாக ஓரடிக்குக் குறையாமல் மடக்கிப் புதைத்துவிடுங்கள், வேலியோரம் தோண்ட வரும்போது கால் வலையில் தட்டும். என்னிடம் மிச்சச் சுருள் ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை வண்டியில் கொண்டுவருகிறேன். கடப்பாரையும் தடித்த கையுறையும் எடுத்துவையுங்கள்.