லட்சுமிகாந்தன் வழக்கு நாடகம்: யாருக்கு எந்த வேஷம்?

பென்னாகரம் மேடை:
தர்மபுரியில், மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை 75 நிமிட நாடகமாகப் போடுகிறோம். 1944 நவம்பர் கத்திக்குத்தில் தொடங்கி, அதில் தண்டனை பெற்ற நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கே.யும் 1947 ஏப்ரலில் விடுதலையாவது வரை. ஆள் 12 பேர், அதில் பெண்கள் 4. பாதி கூத்துக்காரர்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள். குற்றமா இல்லையா என்று சொல்லும் ஜூரிக்கே 9 பேர் போய்விட்டால் மிச்சத்துக்கு எங்கே போவது? பாகவதருக்குப் பாடத் தெரிந்தவர்தான் வேண்டுமா? பள்ளி ஹால், டிக்கெட் கிடையாது.

கிருஷ்ணகிரி ஒலி ஒளி:
ஜூரிக்கு ஆள் ஒதுக்காதீங்க. முன்வரிசையில் 9 நாற்காலியைக் கயிறு கட்டித் தனியாக்கி, எட்டில் பார்வையாளர்களையே உட்கார வையுங்க. ஒன்பதாவதில் ஜூரித் தலைவராக நம்ம ஆள். தீர்ப்பை அவர் மட்டும்தான் சொல்லணும். பொதுவில் கேட்டால் எவராவது 'குற்றமில்லை' என்று எழுந்துவிடுவார், கதை அங்கேயே முடிந்தது.

இரட்டை வேஷம் தாராளமாகப் போடலாம், ஒரே ஒரு இடம் தவிர. 1945இல் தண்டித்த நீதிபதி மாக்கெட்டாக வருபவரை 1947 அமர்வில் உட்கார வைக்காதீங்க. அதே முகம் வந்தால் 'மனசு மாறி விட்டுட்டார்' என்று ஜனம் நினைத்துக்கொள்ளும். நடந்தது அப்படியில்லை. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்று, அப்போது கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அது திருப்பி அனுப்பிய பிறகு வேறு இரண்டு நீதிபதிகள் கேட்டார்கள்.

குற்றவாளிக் கூண்டில், அவர்களோடு குற்றம் சாட்டப்பட்ட பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவை மறக்கவேண்டாம். வசனம் குறைவு, ஆனால் 1945இலேயே விடுதலையானவர். அவர் இறங்கிப் போன இடத்தை மற்ற இருவரும் நிரப்பாமல், இடைவெளி விட்டே நிற்கட்டும்.

நாடகத்தைக் கவிழ்ப்பது வக்கீல் வேஷம். குறுக்கு விசாரணையில் 'அன்று எங்கே இருந்தீர்?' என்பது மூன்று இடத்தில் வந்தால், சாட்சி மூன்றாவது பதிலை முதலிலேயே சொல்லி இரண்டு பக்கம் தாண்டிவிடுவார். ஒவ்வொரு கேள்வியும் வேறு சொல்லில் முடியும்படி எழுதுங்க. கேஸ் கட்டுக்குள் வசனத்தை 16 பாயின்ட்டில் அச்சடித்து வைக்கலாம், யாருக்கும் உறுத்தாது. ஆள் எடுக்கும்போது மனப்பாடம் பார்க்காதீங்க. புதுசாக ஒரு பக்கம் கொடுத்து, சாட்சியை வேண்டுமென்றே மாற்றிச் சொல்ல வையுங்க. அதைக் காதில் வாங்கி, கேள்வியைத் தடத்துக்குக் கொண்டுவருகிறவரை எடுங்க.

பாலக்கோட்டான்:
பாடத் தெரிய வேண்டியதில்லை. பாட்டு வெளியே ஒலிக்க, கூண்டில் பாகவதர் வாய் திறக்காமல் நிற்பதே பலமான காட்சி. வயதைத்தான் பார்க்கணும். அப்போது அவருக்கு 34, கலைவாணருக்கு 36. தீபாவளிக்கு வந்த பாகவதர் படம் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தபோதே கைது. 55 வயசுக்காரரைப் போட்டால் அந்த வீழ்ச்சி யாருக்கும் தெரியாது. கலைவாணருக்கு மிமிக்ரி ஆளும் வேண்டாம். வாய் திறந்ததும் ஹால் சிரிக்கும், தண்டனை சொல்லும்போதும் சிரிப்பு நிற்காது.

பாகவதர் பாட்டுகளை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அதோடு 60 ஆண்டு, அதனால் அவர் வரிகளுக்கு 2033 முடிய காப்புரிமை உண்டு. கட்டணமில்லாத பார்வையாளர் முன் அமெச்சூர் குழு நிகழ்த்த காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. யூடியூபில் ஏற்றினால் அது செல்லாது.

கூத்துக்காரர்களுக்குத் திறந்தவெளித் தொண்டை. மைக்குக்கு ஒரு கை தூரம் தள்ளி நிறுத்துங்க, இல்லாவிட்டால் ஒலி உடையும். ஒருவரைக் கதை சொல்லும் கட்டியங்காரனாக்கினால் லண்டன் படலத்தை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிடுவார். சன்னக் குரல் பிள்ளைகளுக்குச் சாட்சிக் கூண்டு, அங்கே மைக் நகராது. கலைவாணரின் மனைவி மதுரத்துக்கு நல்ல நடிகையாக ஒதுக்குங்க. மற்ற மூன்று பெண்களும் கோட்டு மாட்டி வக்கீலாகட்டும். ஆண் பெண் வேஷம் கட்டியே பழகின ஊருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா!

பென்னாகரம் மேடை:
நன்றிங்க. லட்சுமிகாந்தனுக்கும் குத்தியவர்களுக்கும்?

கிருஷ்ணகிரி ஒலி ஒளி:
மஞ்சள் பத்திரிகைக்காரர் என்பதற்காக வில்லன் சிரிப்பு வேண்டாம். 'செத்தது சரிதான்' என்று ஹால் முடிவு கட்டிவிட்டால் வழக்கைக் காது கொடுத்துக் கேட்காது. குத்தியவர்களின் முகத்தைக் காட்டாதீங்க. குத்தியது யார் என்று நாமே தீர்ப்பு சொன்னதாகிவிடும். முதுகு, போர்வை, பக்கவாட்டு விளக்கு போதும். அந்த இருவரும் பிறகு ஜூரித் தலைவராகவோ கூண்டிலோ வரவே கூடாது, உயரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். லட்சுமிகாந்தன் வந்த கை ரிக்‌ஷாவைச் செய்ய வேண்டாம். இரண்டு மூங்கிலும் இழுக்க ஒரு ஆளும் இருந்தால் சரி.