லாரிகளில் சென்சார் தரவு குவிகிறது, வழியில் நிற்பது குறையவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

டிப்போ_பொறுப்பு எழுதியது:

120 கனரக லாரிகள், எல்லாம் 24 வோல்ட். அனைத்திலும் டெலிமாட்டிக்ஸ் கருவி (வண்டித் தரவைத் தொலைவுக்கு அனுப்புவது) உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை கூலன்ட் வெப்பநிலை, ஆயில் பிரஷர், பேட்டரி வோல்ட்டேஜ், ஆர்பிஎம், வேகம் வருகின்றன. ஃபால்ட் கோடுகள் (வண்டிக் கம்ப்யூட்டர் தரும் பழுதுக் குறியீடுகள்) தனியாக வருகின்றன. ஜாப் கார்டுகள் (பழுதுபார்ப்புப் பதிவுகள்) எக்ஸெல்லில், மெக்கானிக் சொன்னது சொன்னபடியே இருக்கின்றன.

மூன்று தலைவலிகள். ஒன்று, ஒரு நாளைக்கு முந்நூறு எச்சரிக்கைக்கு மேல். அதில் பாதி "கூலன்ட் 215 டிகிரி" என்று வருகிறது, வண்டியோ சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு, ஆல்டர்நேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) இன்று பழுதாகுமா ஆகாதா என்று தினமும் வண்டிவாரியாகச் சொல்லும் மாடல் ஒன்று செய்தோம். துல்லியம் 99.9 சதவீதம் என்கிறது, ஆனால் ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடந்த ஓராண்டில் ஆல்டர்நேட்டர் பழுது 12. மூன்று, எந்தப் பாகத்தை முதலில் எடுப்பது?

---

கேன்_பஸ்_கண்டக்டர் எழுதியது:

//கூலன்ட் 215 டிகிரி//

அது வெப்பநிலையே இல்லை. ஜே1939-இல் (கனரக வண்டிக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் தரநிலை) கூலன்ட் வெப்பநிலை (எஸ்பிஎன் 110; எஸ்பிஎன் என்பது ஒவ்வொரு அளவுக்கும் உரிய எண்) ஒரு பைட், அதாவது 0 முதல் 255 வரையான எண். ஒரு எண்ணுக்கு 1 டிகிரி, அதிலிருந்து 40 கழிக்க வேண்டும். 255 என்றால் "தகவல் இல்லை", 254 என்றால் "சென்சார் பிழை". உங்கள் கருவி அதையும் கணக்குப் போட்டு 255 − 40 = 215 என்று அனுப்புகிறது. 250 வரைதான் உண்மையான அளவு, அதாவது 210 டிகிரிக்கு மேல் வருவது எதுவும் அளவீடு அல்ல.

மற்றவற்றிலும் இதே பேய்கள் இருக்கும், தேடிப் பாருங்கள். ஆயில் பிரஷர் 1020 கிலோபாஸ்கல், பேட்டரி 3276.75 வோல்ட், ஆர்பிஎம் 8191.875 எல்லாம் ஒரே சாதிதான். 3276 வோல்ட் கண்ணில் படும், தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ஆனால் வாரச் சராசரி எடுத்த பிறகு அது சராசரிக்குள் ஒளிந்துகொண்டு "இந்த வண்டியில் சார்ஜிங் அதிகம்" என்று காட்டும். ஆகவே சராசரி எடுப்பதற்கு முன்பே, மூல எண்ணிலேயே வடிகட்டுங்கள். அழிக்க வேண்டாம், "காலி" என்று குறித்து வையுங்கள். ஒரு வண்டியில் 254 திடீரென அதிகமானால் அதுவே சென்சார் அல்லது கனெக்டர் பழுதுக்கான தடயம்.

ஃபால்ட் கோடு: டிஎம்1 (நடப்பில் உள்ள பழுதுகளைச் சொல்லும்) செய்தி, கோடு உயிரோடு இருக்கும்வரை வினாடிக்கு ஒருமுறை வரும். செய்திகளை எண்ணினால் முந்நூறு என்ன, மூவாயிரமும் வரும். வண்டி + எஸ்பிஎன் + எஃப்எம்ஐ (பழுதின் வகையைச் சொல்லும் எண்) மூன்றும் ஒன்றாக இருந்து, இடைவெளி 10 நிமிடத்துக்குள் இருந்தால் அதை ஒரே நிகழ்வாகச் சேருங்கள். பிறகு எஃப்எம்ஐ-யைப் பார்த்துப் பிரியுங்கள். 3, 4, 5 வந்தால் மின்சுற்றுப் பக்கம், அதாவது வயர், பின், கனெக்டர். 0, 1, 15 முதல் 18 வரை வந்தால் அளவு நிஜமாகவே எல்லை தாண்டியிருக்கிறது. 9, 19 இரண்டும் தகவல் தொடர்புக் கோளாறு. ஆயில் பிரஷர் (எஸ்பிஎன் 100) எஃப்எம்ஐ 1 வந்தால் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். அதே எஸ்பிஎன் எஃப்எம்ஐ 4 வந்தால் முதலில் சென்சார் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே சிவப்பு விளக்கில் போட்டால் ஒர்க்‌ஷாப் இரண்டையும் மதிக்காது.

நான்கைந்து கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் 9, 19 போட்டால் அவை தனித்தனிப் பழுதுகள் அல்ல. பெரும்பாலும் ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட்டேஜ் இறங்கியிருக்கும். பேட்டரி டெர்மினலையும் சேசிஸ் எர்த்தையும் பாருங்கள்.

---

கிரீஸ்_கை எழுதியது:

கோடு விஷயம் மேலே சொல்லியாகிவிட்டது. நீங்கள் எடுக்கும் அளவுகளிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. கூலன்ட் வெப்பநிலை, ஏர் பிரஷர், சார்ஜிங் வோல்ட்டேஜ் மூன்றுமே வண்டி தானாகப் பிடித்து நிறுத்துகிற அளவுகள். பாகம் பாதி கெட்டாலும் அளவு நேராகவே நிற்கும், கடைசி நாள்தான் விழும். அந்த அளவைப் பிடித்து நிறுத்த வண்டி எவ்வளவு பாடுபடுகிறது என்று பாருங்கள். அங்கேதான் பழுது முதலில் தெரியும்.

ரேடியேட்டரை எடுங்கள். தூசி அடைத்தாலும் கூலன்ட் 90 சொச்சத்தில்தான் நிற்கும், ஏனென்றால் ஃபேன் கூடுதலாக ஓடிச் சரிக்கட்டும். எஸ்பிஎன் 975 ஃபேன் வேகத்தின் சதவீதம், எஸ்பிஎன் 977 ஃபேன் எதற்காக ஓடுகிறது என்ற காரணம். மணிக்கு 60 கி.மீ.க்கு மேல், எஞ்சின் லோடு (எஸ்பிஎன் 92) 70 சதவீதத்துக்கு மேல், குறைந்தது 2 நிமிடம் தொடர்ந்து ஓடிய பகுதிகளை மட்டும் எடுங்கள். ஏசிக்காக ஓடியதைக் கழியுங்கள், ரிடார்டர் (துணை பிரேக்) வேலை செய்த நேரத்தையும் கழியுங்கள். மிச்சத்தை வெளிவெப்பநிலையில் 5 டிகிரிக்கு ஒரு கட்டமாகப் பிரித்து, ஒரே மாடல் வண்டிகளுக்குள் ஒப்பிடுங்கள். எதிர்க்காற்று நன்றாக அடிக்கிற அந்த வேகத்தில் ஃபேன் அதிகம் தேவைப்படக்கூடாது. ஒரு வண்டி மட்டும் வாராவாரம் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், இன்டர்கூலர் இடையே அடைத்திருக்கும், அல்லது ஃபேன் கிளச் வழுக்கும். கிளச் வழுக்கினால் ஃபேன் கேட்கப்படும், வேகம் வராது. அதை வைத்து இரண்டையும் பிரித்துவிடலாம்.

ஏர் பிரஷரும் அப்படித்தான். எஸ்பிஎன் 1087, 1088 இரண்டும் பிரேக் சர்க்யூட் அழுத்தம். கம்ப்ரசர் எத்தனை முறை ஏற்றுகிறது, ஒவ்வொரு முறையும் கட்-இன்னிலிருந்து (ஏற்றத் தொடங்கும் அழுத்தம்) கட்-அவுட் (நிறுத்தும் அழுத்தம்) வரை எத்தனை வினாடி ஆகிறது என்று தனித்தனியே எடுங்கள். எண்ணிக்கை கூடினால் எங்கோ கசிகிறது: சேம்பர் டயஃப்ரம், ஹோஸ், கப்ளிங், ஏர் சஸ்பென்ஷன் பெலோஸ். ஏற்ற எடுக்கும் நேரம் நீண்டால் கம்ப்ரசர் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது டெலிவரி பைப்பில் கார்பன் அடைத்திருக்கும். ஏற்றும் நேரம் ஆர்பிஎம்மைப் பொறுத்தது, ஆகவே 1200-1400 ஆர்பிஎம் பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். நெரிசலில் ஓடும் வண்டி பிரேக் அதிகம் மிதிக்கும். அதனால் எண்ணிக்கையை மணிக்கணக்கில் போடாமல் 100 பிரேக் மிதிப்புக்கு இத்தனை என்று போடுங்கள், பிரேக் ஸ்விட்ச் எஸ்பிஎன் 597.

பேட்டரிக்கு நிமிடத்துக்கு ஒரு அளவு எதற்கும் உதவாது. செல்ஃப் அடிப்பது ஓரிரு வினாடி, அந்தச் சரிவு இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்துவிடும். வண்டியின் டேட்டா பஸ்ஸில் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் வயரில்) வரும் வோல்ட்டேஜும் வினாடிக்கு ஒருமுறைதான். கருவி தன் சப்ளை வோல்ட்டேஜைத் தானே வேகமாக அளந்து, ஸ்டார்ட் ஆகும்போது தொட்ட மிகக் குறைந்த அளவை மட்டும் அனுப்பும்படி அமைக்க முடியுமா என்று கேளுங்கள். அதோடு, வண்டி நாலைந்து மணி நேரம் நின்ற பிறகான ஓய்வு வோல்ட்டேஜ். முழு சார்ஜில் சுமார் 25.4 இருக்கும். ஓய்வு வோல்ட்டேஜ் சரி, ஸ்டார்ட் சரிவு மட்டும் ஆழமாகிக்கொண்டே போனால் பேட்டரியில் வலு போய்விட்டது, அல்லது கேபிள் லக்கில் பச்சை பூத்திருக்கிறது. லக்கைச் சுத்தம் செய்துவிட்டு மறுநாள் எண்ணைப் பாருங்கள், பேட்டரி வாங்குவதற்கு முன்னால்.

---

வெய்புல்_வாத்தியார் எழுதியது:

//துல்லியம் 99.9 சதவீதம்//

120 வண்டி, 365 நாள் என்றால் 43,800 வண்டி-நாள். பழுது 12. கண்ணை மூடிக்கொண்டு "ஆகாது, ஆகாது" என்று தினமும் சொன்னாலே 99.97 சதவீதம் சரி. உங்கள் மாடல் அதையும்விடக் கீழே! இந்த வேலைக்குத் துல்லியம் என்ற அளவுகோலையே தூக்கிப் போடுங்கள்.

நூற்றுக்கு ஒன்று மட்டுமே தவறாக அலறும் மாடல் கேட்பதற்கு நன்றாயிருக்கும். கணக்குப் போடுங்கள்: ஆண்டுக்குச் சுமார் 438 பொய் அலறல். 12 பழுதில் 10-ஐப் பிடித்தாலும், 448 எச்சரிக்கையில் 10தான் மெய். மெக்கானிக் நம்பாததில் வியப்பில்லை. எல்லையை மாடல் தீர்மானிக்க விடாதீர்கள். ஒர்க்‌ஷாப் வாரத்துக்கு எத்தனை வண்டியைக் கூடுதலாகச் சோதிக்க முடியும்? மூன்று என்றால், ஆபத்து வரிசையில் முதல் மூன்றை மட்டும் கொடுங்கள். கேள்வியையும் "இன்று" என்பதிலிருந்து "அடுத்த 14 நாளில்" என்று மாற்றுங்கள். பாகம் வரவழைக்க அவகாசம் வேண்டுமே.

சோதனைக்குத் தரவை எப்படிப் பிரித்தீர்கள்? சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் பிரித்திருந்தால், ஒரே வண்டியின் திங்கள் பயிற்சியிலும் செவ்வாய் சோதனையிலும் இருக்கும். மாடல் விடையைப் பார்த்தே எழுதுகிறது. முதல் 10 மாதம் பயிற்சி, பிந்தைய மாதங்கள் சோதனை என்று காலவாரியாக வெட்டுங்கள்.

உண்மையில் 12 பழுதுக்கு இயந்திரக் கற்றலே அதிகம். இருக்கும் ஜாப் கார்டை ஒழுங்குபடுத்தினால் அதைவிடப் பலன் கிடைக்கும். "சார்ஜ் இல்லை, பார்த்தாச்சு" என்ற வரியில் பெல்ட்டா, ஆல்டர்நேட்டரா, வயரா என்று தெரியாது. விஎம்ஆர்எஸ் என்ற வண்டிப் பராமரிப்புக் குறியீட்டில் முதல் மூன்று இலக்கம் போதும்: 013 பிரேக், 017 டயர், 031 சார்ஜிங், 032 ஸ்டார்ட்டிங், 042 கூலிங், 043 எக்ஸாஸ்ட். அதோடு பழுதின் காரணம், மாற்றிய பாகம், ஓடோமீட்டர், எஞ்சின் மணி ஆகிய நான்கு கட்டங்களைக் கட்டாயமாக்குங்கள்.

பிறகு ஆயுள் கணக்கு. இதில் எல்லாரும் விழும் குழி: பழுதான பாகங்களின் சராசரியை மட்டும் எடுப்பது. உதாரணத்துக்கு, 120 வாட்டர் பம்பில் 30 சராசரியாக 1,80,000 கி.மீ.யில் போயின, மீதி 90 இப்போதே 2,50,000 தாண்டி ஓடுகின்றன என்று வையுங்கள். 1,80,000-ல் மாற்றிவிடு என்று முடிவெடுத்தால் நல்ல பம்பைக் கழற்றிக் குப்பையில் போடுகிறீர்கள். இன்னும் பழுதாகாதவற்றையும் "இதுவரை தாங்கியது" என்று சேர்த்து வெய்புல் (ஆயுள் கணக்குக்கான புள்ளியியல் வளைவு) பொருத்துங்கள். அந்த வளைவின் வடிவத்தைச் சொல்லும் எண்ணான பீட்டா 1-ஐவிட நன்றாக அதிகமானால் தேய்மானம், கிலோமீட்டர் வைத்து மாற்றலாம். 1-ஐ ஒட்டியிருந்தால் பழுது தற்செயல், முன்கூட்டி மாற்றுவதில் ஒரு பயனும் இல்லை. 1-க்குக் கீழே என்றால் புதிதாகப் போட்டதும் போகிறது. பாகத்தின் தரமும் பொருத்திய விதமும்தான் சந்தேகம், அடிக்கடி மாற்றினால் இன்னும் மோசமாகும்.

---

டிப்போ_பொறுப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. 254, 255 வடிகட்டியதும் எச்சரிக்கை பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஆயில் மாற்றும் இடைவெளியைக் கிலோமீட்டரில் வைப்பதா, எஞ்சின் மணியிலா?

---

கிரீஸ்_கை எழுதியது:

இரண்டையும்விட எரித்த டீசல் நல்ல அளவுகோல், எஸ்பிஎன் 250 மொத்த எரிபொருள். ஐட்லிங்கில் மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் போகும், மேட்டில் பாரத்தோடு அதன் பல மடங்கு. கிலோமீட்டருக்கு ஐட்லிங் தெரியாது, மணிக்கு பாரம் தெரியாது. எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன உச்ச வரம்பை மட்டும் தாண்டாதீர்கள். ஆயில் சாம்பிள் எடுத்தால் இரும்பு, சிலிக்கான் எண்ணிக்கையை அப்படியே ஒப்பிடாமல், அந்த ஆயில் ஓடிய தூரத்தால் வகுத்துப் பாருங்கள். சிலிக்கானோடு அலுமினியமும் சேர்ந்து ஏறினால் ஏர் ஃபில்டர் பக்கம் தூசி புகுகிறது. சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறது, ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கட்டையும் பாருங்கள். இடையில் ஆயில் டாப்-அப் செய்த லிட்டரையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நிறைய ஆயில் குடிக்கும் எஞ்சின்தான் சாம்பிளில் சுத்தமாகத் தெரியும்.