பொருள்: ஃபர்னஸின் அளவா, திறனா?

கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து:

அன்புடையீர், முதியோருக்கான வீட்டுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்கும் இயற்கை எரிவாயு ஃபர்னஸ் வாங்கும் பகுதியில் 'சைசிங்' என்பதற்கு 'அளவுத் தேர்வு' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த அம்மா ஒருவர் அளவுநாடாவுடன் பேஸ்மென்டுக்கு இறங்கிவிட்டார். சொல்ல வந்தது அதுவன்று. வெளியே மைனஸ் 20, உள்ளே 21 பாகை எனக் கொண்டு, சுவர், சன்னல், கூரை, காற்றுக் கசிவு வழியே வீடு மணிக்கு எத்தனை பிடியூ (வெப்ப அலகு) வெப்பத்தை இழக்கிறதோ, அதைக் கொடுக்கும் ஃபர்னஸைத் தேர்வது. சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:

முதலில் ஃபர்னஸையே தமிழாக்குங்கள். உலை கொல்லனுக்கு, சூளை செங்கல்லுக்கு. வீட்டுக்குள் குளிர்காய நெடுநல்வாடை தந்த சொல் இருக்கிறது: 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர'. தடவு என்பது நெருப்பிடும் சட்டி. 'தடவுத்திறன்' என்போம். இரண்டாயிரம் ஆண்டுச் சொல்லை விட்டுவிட்டுக் கடன் கேட்பானேன்?

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, இன்று 'தடவு' என்றால் தைலம்தான் நினைவுக்கு வரும். மேலும் 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்கிறது தொல்காப்பியம்; தடவு என்றால் பெரியது என்றும் பொருள். இங்கே அந்தப் பெருமைதான் நோய். 60,000 பிடியூ போதும் வீட்டில் 1,00,000 வைத்தால், சில நிமிடம் எரிந்து அணைந்து மீண்டும் எரியும். ஓர் அறை வேகும், இன்னொன்று குளிரும், இயந்திரமும் தேயும். 'கணப்பு' என்றாலும் கூடத்து நெருப்பிடத்தையே நினைப்பார்கள். ஃபர்னஸ் ஃபர்னஸாகவே இருக்கட்டும். 'திறன் பொருத்தம்' என் முன்மொழிவு.

கோவையிலிருந்து:

'ஃபர்னஸ் பொருத்துதல்' என்று நிறுவுதலுக்கே எழுதுகிறோமே, குழம்பாதா? இழப்புக்குச் சமமாகக் கொடுப்பது ஈடு. ஆகவே 'வெப்ப ஈடு'. 'திறன்' என்று மட்டும் விட்டால் எந்தத் திறன் என்ற கேள்வியும் வரும். ஃபர்னஸின் தகட்டில் 60,000 என்றிருப்பது உள்ளீடு, அதாவது எரியும் வாயுவின் வெப்பம். 96 விழுக்காட்டு இயந்திரம் அதில் 57,600ஐ வீட்டுக்குத் தரும். 80 விழுக்காட்டுப் பழையது 48,000தான். இழப்போடு ஒப்பிட வேண்டியது வெளியீட்டை.

ஸ்கார்பரோவிலிருந்து:

'ஈடு' என்றதும் எங்கள் மக்கள் காப்புறுதி இழப்பீட்டுக்குப் போய்விடுவார்கள். மூவரில் இருவர் 'திறன்' என்றதால், அதை வைத்து 'வெப்பத்திறன் கணிப்பு' என்று அனுப்புகிறேன். உள்ளீடு, வெளியீடு இரண்டையும் தனி வரியில் விளக்கிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

கோவையிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'வெப்பத்திறன் கணிப்பு' என்றால் இயந்திரத்தைக் கணிப்பதாகிறது. கணிக்க வேண்டியது வீட்டை. அடுத்த பதிப்பில் இதை மீண்டும் எடுப்பேன்.