மின் அடுப்பு எதிர்ச்சுவருக்கு மாறுகிறது, வயரை என்ன செய்வது?

வணக்கம். சமையலறையில் மின் அடுப்பை எதிர்ச்சுவருக்கு மாற்றுகிறோம். 7 கிலோவாட் அடுப்பு. 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 30 ஆம்பியர் இழுக்கும். போர்டில் உள்ள 32 ஆம்பியர் எம்சிபியிலிருந்து (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) அதற்கென்று தனி வயர் வருகிறது, 6 சதுர மி.மீ. செம்பு. ஆனால் புது இடத்துக்கு எட்டவில்லை.

பழைய இடத்தில் சுவரில் இருக்கும் வயர் பெட்டிக்குள்ளேயே ஜாயின்ட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வளவு கரண்ட் ஓடும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ லூசானாலே சூடேறிக் கருகும். சுவருக்குள் மூடிவிட்டால் யார் பார்ப்பது? கழற்றிப் பார்க்கிற மாதிரி ஜங்ஷன் பாக்ஸ் வைத்தால் போதுமா, இல்லை போர்டிலிருந்தே முழு வயரும் புதிதாக இழுப்பதுதான் நல்லதா? வயர் போகும் பழைய பைப்பில் வளைவுகள் வேறு இருக்கின்றன.

அப்புறம், அடுப்பு சுவிட்சை நேர் மேலே வைக்காமல் எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள்? மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். டைல்ஸ் வேலை அடுத்த வாரம்.