ஜாஸ், கிளாசிக்கல் கேட்க 2000 ரூபாய்க்குள் இயர்போன்: அவசரம்

பல்லடத்துப்பருத்தி (திங்கள், இரவு 9:40)
வணக்கம். கிளாசிக்கல், ஜாஸ் கேட்க நல்ல இயர்போன் வேண்டும். காதுக்குள் நுழைகிற வகை, வயர் உள்ளது. 2000 ரூபாய்க்கு மேல் முடியாது. இப்போது வைத்திருப்பதில் பாஸ் (அடியில் கேட்கும் கனத்த ஒலி) துளியும் இல்லை, வயலின் ஊசி போலக் குத்துகிறது. தள்ளுபடி நாளையோடு முடிகிறது, சீக்கிரம் சொல்லுங்க.

நொய்யல்கரை
எந்தக் கிளாசிக்கல்? நம்மூர் கச்சேரியா, பீத்தோவனா? போனில் இயர்போன் ஓட்டை இருக்கா, டைப்-சி மட்டுமா? வீட்டில் கேக்கறீங்களா, வெளியிலா? ஒண்ணுமே சொல்லாமல் மருந்து மட்டும் எழுதிக் கொடுன்னா எப்படிங்க?

ஈரோட்டுமஞ்சள்
வயர் எதுக்கு தம்பி? இந்தக் காலத்தில் யார் வயர் மாட்டறாங்க? ப்ளூடூத் வாங்குங்க.

பழையரேடியோ
இதே கேள்வி மாதம் இரண்டு முறை வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. சிம்பொனியை இயர்போனில் கேட்பதே பாவம். பின்பக்கம் திறந்த, தலையில் மாட்டும் ஹெட்போன் வாங்குங்கள். காசு இல்லையென்றால் சேர்த்துவிட்டு வாருங்கள்.

நொய்யல்கரை
திறந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்டக்டர் விசில்தான் கேட்கும். கேட்டவர் எங்கே இருந்து கேட்கிறார் என்று தெரியட்டுமே அண்ணா.

ரவைத்தொப்பி
நான் மிருதங்கம் கத்துக்கறவன். இயர்போன் நல்லதா இல்லையான்னு பாக்க ஒரே வழி தொப்பிதான், அதாவது மிருதங்கத்தோட இடது பக்கம். இடந்தலையில் ரவை பிசைந்து ஒட்டியிருப்பாங்க, அதில் மணிக்கட்டை அழுத்தி வழிக்கிறப்ப 'கும்'முனு ஒரு கும்கி வரும். மலிவு இயர்போனில் அது வெறும் 'தொப்'. பாஸ் பூஸ்ட் போட்டதில் பாத்திரம் உருள்ற மாதிரி கேக்கும். கும்கி வழுக்கிப் போறது தெரிஞ்சா வாங்குங்க, இல்லாட்டி வேண்டாம்.

பல்லடத்துப்பருத்தி (செவ்வாய், காலை 6:55)
பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். தம்பி இல்லைங்க, அக்கா. பல்லடத்திலிருந்து காந்திபுரம் தினமும், சூலூர் சிங்காநல்லூர் வழி. கேட்பது மேற்கத்திய இசைதான், செல்லோ, பியானோ, ஜாஸ் ட்ரியோ. போனில் ஓட்டை கிடையாது, 150 ரூபாய்க்கு ஒரு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருக்கிறேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்காருவதால் சத்தத்தை முழுசாக வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நொய்யல்கரை
இப்பதான் விஷயம் வெளியே வருது. இயர்போனைக் குறை சொல்லும் முன்னாடி ஒரு சோதனை செய்யுங்க அக்கா. பாட்டை நிறுத்திட்டு, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்க. காது சரியாக அடைபட்டிருந்தால் உங்க குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். எந்தப் பக்கம் அப்படிக் கேட்கவில்லையோ அந்தப் பக்கம் ஒழுகுது. ஒழுகினால் முதலில் போவது பாஸ்தான். டபுள் பாஸ்னு நிற்க வைத்து வாசிக்கும் பெரிய கம்பி வாத்தியத்தின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், செல்லோவின் கடைசிக் கம்பி 65. கீழே இருக்கிற இந்த ஒலியெல்லாம் இடுக்கு வழியாகப் போயிடும், மிச்சம் நிற்கிற மேல் ஒலி தனியாகக் குத்தும். உங்க வயலின் தொந்தரவில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

பெட்டியில் வந்த ரப்பர் மூடிகளைத் தேடி எடுங்க. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்கணும்னு இல்லை. மாட்டும்போது எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்பக்கமாக இழுத்துப் பிடிச்சுட்டு உள்ளே தள்ளுங்க.

பழையரேடியோ
முனகிப் பார்த்து இயர்போன் வாங்குகிற காலம் வந்துவிட்டது. மூடி மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை. முதலில் ஃபிளாக் கோப்பு, அதாவது தரம் குறைக்காமல் சுருக்கிய பாட்டு, கேட்கட்டும்.

ஈரோட்டுமஞ்சள்
பஸ் ஹாரனுக்கு நடுவில் ஃபிளாக்குக்கும் எம்பி3க்கும் வித்தியாசம் கண்டுபிடிச்சா நான் மொட்டை போட்டுக்கறேன் 😄

சோமனூர்த்தறி
குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். முப்பது வருஷம் தறி ஷெட்டில் நின்ற காது என்னுது. எனக்கு எந்த வயலினும் குத்தறதில்லை, ஏன்னா அந்த இடத்தில் காதே போயிடுச்சு. இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான்னு டாக்டர் கிராஃப் போட்டுக் காட்டினார். அம்மணி, பஸ் சத்தத்துக்கு மேலே ஏத்தி ஏத்தி வைக்காதீங்க. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. காது நல்லா அடைபட்டால் சத்தத்தைக் குறைச்சே கேக்கலாம்.

ரவைத்தொப்பி
இப்ப சிலர் ரவையே போடாமல் செயற்கைப் பசை ஒட்டறாங்க. கும்கியே மாறிப் போச்சு. இயர்போன்காரங்களைச் சொல்லிக் குத்தமில்லை.

பழையரேடியோ
பசையில் ஒன்றும் மாறவில்லை. கச்சேரி நடுவில் ரவை காய்ந்து உதிர்வதை நீங்கள் பார்த்ததில்லை போல.

ரவைத்தொப்பி
காய்ஞ்சா தண்ணி தொட்டுப்பாங்க. எந்தச் சபாவில் பாத்தீங்க அண்ணா, சொல்லுங்க?

(இந்தச் சண்டை இன்னும் பதினோரு பதிவு ஓடியது.)

நொய்யல்கரை
ரவையை ஓரமாக வைங்கப்பா. அக்கா, வாங்கியே ஆகணும்னா இரண்டு இயர்போன் பேர் சொல்றேன். 7ஹெர்ட்ஸ் கம்பெனியோட சால்னோட்ஸ் ஜீரோ: தெளிவு அதிகம், பியானோவுக்கு நல்லா இருக்கும். டாங்சு வான்எர்: கொஞ்சம் மிருதுவானது, குத்தல் தாங்காத காதுக்கு ஏத்தது. இரண்டும் உங்க பட்ஜெட் பக்கத்தில்தான். இரண்டிலும் வயரைக் கழற்றலாம், அறுந்தால் வயர் மட்டும் மாத்திக்கலாம்.

கன்வெர்ட்டரையும் கவனிங்க. டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் அதுக்குள்ளேயே இருக்கிறதாகப் பாத்து வாங்குங்க. ஆப்பிளோடது நல்லதுதான், ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும்.

வாங்கினதும் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', முதல் பாட்டைப் போடுங்க. மெட்டை வாசிப்பதே பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ்தான், மத்தவங்க அதுக்குப் பதில் சொல்வாங்க. பாஸ் கேட்காமல் பதில் மட்டும் கேட்டால் மூடியை மாத்துங்க.

பல்லடத்துப்பருத்தி (வெள்ளி, இரவு 10:12)
முனகிப் பார்த்தேன், பக்கத்து சீட்டு அம்மா தள்ளி உட்கார்ந்துட்டாங்க. இடது காதுதான் ஒழுகியது. அங்கே எல் அளவு மூடி, வலதில் எம் போட்டேன், பாஸ் வந்துடுச்சு. வயலின் இன்னும் கொஞ்சம் குத்துது. வான்எர் ஆர்டர் போட்டாச்சு. நன்றிங்க எல்லாருக்கும்.

நொய்யல்கரை
சந்தோஷங்க. கன்வெர்ட்டர் எது வாங்கினீங்க?

ஈரோட்டுமஞ்சள்
அக்கா, பழைய இயர்போனைக் கொடுத்துடறீங்களா? பாப்பாவுக்கு ஆன்லைன் கிளாஸ்.

ரவைத்தொப்பி
பழையரேடியோ அண்ணா, சபா பேர் இன்னும் சொல்லலை.