ஜனவரியில் டென்வர் போகிறேன்: பனிக்கால டிரவுட்டுக்கு என்ன ஃபிளை கட்டுவது?

உப்பனாற்றுத் தூண்டில், கடலூர் முதுநகர்

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு மகள் வீட்டுக்கு டென்வர் கிளம்புகிறோம், மார்ச் வரை அங்கேதான். மருமகன் ஃபிளை ஃபிஷிங்கில், அதாவது முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டிய ஃபிளையை வைத்து மீன் பிடிப்பதில் ஊறிப்போனவர். "வாங்க மாமா, சவுத் பிளாட் ஆற்றுக்குப் போகலாம், பனி கொட்டினாலும் டிரவுட் கடிக்கும்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறார். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

சின்ன வயதிலிருந்தே உப்பனாற்றிலும் கெடிலம் முகத்துவாரத்திலும் தூண்டில் போடுகிறவன் நான். கொடுவா, கிழங்கான், மடவை எல்லாம் எந்த ஏற்றத்தில் எங்கே நிற்கும் என்று தெரியும். கொஞ்ச காலமாக ஃபிளை கட்டவும் பழகி, 1/0 முள்ளில் வெள்ளை ஆட்டுமுடி வைத்துக் கொடுவாவுக்குக் கட்டுகிறேன், நன்றாகவே பிடிபடுகிறது. ஆனால் டிரவுட் என்கிற அந்தக் குளிர்நீர் மீனை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவ்வளவு குளிரில் மீன் இரை எடுக்குமா, எடுத்தால் எதை எடுக்கும்? கையால் கட்டிய ஃபிளையில்தான் என் முதல் டிரவுட் வரவேண்டும் என்று மனதில் இருக்கிறது. இங்கே நாட்டுச் சேவல் இறகு, மயிலிறகு எல்லாம் நிறையக் கிடைக்கிறது, அதில் கட்டி எடுத்துப் போகலாமா? அறுபதைத் தொட்டவன் பனியில் நிற்பதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டைப் பையன், டென்வர்

சார், தாராளமாக வாங்க. நான் புதுச்சேரிக்காரன்தான், இங்கே குடியேறி ரொம்ப நாளாகிறது. உங்கள் மருமகன் சொல்வது நிஜம், குளிர்காலத்தில் கூட்டம் குறைவு என்பதால் எனக்கு அந்த ஆறு ஜனவரியில்தான் ரொம்பப் பிடிக்கும்.

இரை எடுக்குமா என்றால் எடுக்கும், ஆனால் தேடிப்போய் எடுக்காது, இதுதான் மொத்த விஷயமும். தண்ணீர் நாலைந்து டிகிரிக்கு வந்துவிட்டால் டிரவுட்டின் உடம்பு மெதுவாகத்தான் இயங்கும். செரிமானமும் மெதுவாகிவிடுவதால் இரைக்காக ஓடித் தெம்பைச் செலவழிக்காது. ஆழமாகவும் நீரோட்டம் மந்தமாகவும் இருக்கிற மடுவில் அடியோடு அடியாக நின்றுகொண்டு, வாய்க்கு நேராக மிதந்து வருவதை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஒரு முழம் தள்ளிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது. கொடுவா மாதிரி துரத்தி வந்து அடிக்கும் என்று நினைத்து ஃபிளையை இழுத்து இழுத்து விளையாட்டுக் காட்டினால் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது.

ஆறு உறைந்து போகாதா என்று அடுத்து கேட்பீர்கள். அணைக்குக் கீழே இருக்கிற பகுதிக்குத்தான் போவோம். சீஸ்மன் அணை 1905இல் கட்டி முடித்தது, அதன் அடியிலிருந்து தண்ணீர் வருகிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும், அதனால் ஏரியின் மேல்பக்கம் பனிக்கட்டியாகக் கிடந்தாலும் அடியில் அந்த 4 டிகிரித் தண்ணீர் தங்கும். அது வெளியே வரும்போது கொஞ்ச தூரத்துக்கு ஆறு உறைவதில்லை. அங்கே கொசு மாதிரியான மிட்ஜ் பூச்சி குளிர்காலம் முழுவதும் பொரித்துக்கொண்டே இருக்கும். சாப்பாடே அதுதான், அரிசி நொய் அளவு. 1/0 முள்ளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், இங்கே 20, 22, சில நாளைக்கு 24 சைஸ், இதில் எண் ஏற ஏற முள் சின்னதாகும்.

விடியற்காலையில் போகவேண்டிய அவசியமே இல்லை, இதுவும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர்மாறு. பத்து மணிக்கு இறங்கினால் போதும், மதியம் மூன்று வரைதான் வேலை. வெயில் பட்டுத் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலே பூச்சி கிளம்பும், மீனும் விழிக்கும்.

கடி எப்படி இருக்கும் தெரியுமா? மாவு வைத்து மடவைக்குப் போடும்போது தக்கை ஓடாமல் முங்காமல் சும்மா ஒரு கணம் நிற்குமே, அதே மாதிரி. மடவை பிடித்தவர் என்பதால் இதில் நீங்கள் எங்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். தக்கைக்குக் கீழே நரம்பு ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு விடுங்கள். ஒரு சின்ன ஈயக்குண்டு, அதற்கு ஒரு அடி கீழே முதல் ஃபிளை, அதிலிருந்து இன்னொரு அடியில் ரெண்டாவது. ஈயம் அவ்வப்போது அடியில் தட்டவேண்டும், தட்டவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் கனம் சேர்க்கவேண்டும். ஃபிளையை அடிக்கடி மாற்றுகிறவர்களைவிட ஈயத்தை அடிக்கடி மாற்றுகிறவர்களுக்குத்தான் குளிர்காலத்தில் மீன் வருகிறது.

ஃபிளைக்காக அங்கே சிரமப்படாதீர்கள், இங்கே கடையில் நல்லதாகவே கிடைக்கும்.

நூலும் முள்ளும், லாஸ்பேட்டை

கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் கையால் கட்டியதில் வரவேண்டும் என்றுதானே சார் கேட்கிறார், அதைக் கடையில் வாங்கு என்றால் எப்படி? தாராளமாகக் கட்டலாம், அதுவும் நம் ஊர்ச் சாமானை வைத்தே.

முதலில் இறகு விஷயத்தை முடித்துவிடுகிறேன். மயிலிறகை எடுத்துப் போகவே கூடாது. தானாக உதிர்ந்த தோகையை நம் நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது, அதில் செய்த பொருளுக்கும் சேர்த்துத்தான். சேவல் இறகைப் பொறுத்தவரை, இந்தியச் சேவலின் கழுத்திறகு உலகம் முழுக்க ஃபிளை கட்டுகிறவர்கள் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு, தரத்தில் குறைவே இல்லை. ஆனால் பறவைக் காய்ச்சல் பயத்தில் அமெரிக்காவில் பறவைப் பொருள் எதையும் டிக்ளேர் செய்யச் சொல்வார்கள், பதப்படுத்தாத இறகென்றால் பறித்துவிடுவார்கள். பொங்கல் நேரத்து விமானத்தில் பேத்திக்குச் செய்த பலகாரத்தோடு இந்தத் தலைவலியும் எதற்கு?

நல்லவேளையாகக் குளிர்காலத்துக்கு இறகே தேவையில்லை. சீப்ரா மிட்ஜ் என்று ஒன்று இருக்கிறது, நூல், கம்பி, மணி மூன்றே சாமான். முள் 20. நூலுக்கு சில்க் த்ரெட் வளையல் செய்கிறவர்கள் வாங்குவார்களே, அந்த முறுக்கில்லாத பட்டு நூலில் கறுப்பு வாங்கி, நுனியை ஈர விரலால் தேய்த்துப் பிரித்தால் இழை இழையாக வரும், ஒரே ஒரு இழை எடுத்துக்கொள்ளுங்கள். தையல் மெஷின் நூல் வேண்டவே வேண்டாம், 20 முள்ளில் அது கயிறு. கம்பிக்கு மோட்டார் வைண்டிங் கடையில் 40 கேஜ் தாமிரக் கம்பி கேளுங்கள், துண்டுக் கம்பியைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். கனம் 0.12 மில்லிமீட்டர்தான். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் ஃபெசண்ட் டெயில் நிம்ஃப் என்கிற தன் ஃபிளையை நூலே இல்லாமல் இந்த மாதிரி மெல்லிய தாமிரக் கம்பியை வைத்துத்தான் கட்டினார், ஆகவே இது மாற்று ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம், உருப்படியான முறை. மணிக்கு ஆரி வேலை சாமான் விற்கிற கடையில் இருப்பதிலேயே பொடியான கண்ணாடி மணி, ஒன்றரை மில்லிமீட்டர்.

இனி கட்டும்போது கவனிக்க வேண்டியது. முள்ளின் கொக்கிப்பல்லை முதலிலேயே குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் மணி வளைவைத் தாண்டி ஏறாது, மீனை விடுவிக்கவும் அதுதான் நல்லது. மணியை முள்ளின் கண்ணுக்குக் (நரம்பு கோர்க்கிற ஓட்டைக்கு) கீழே தள்ளி, அதன் பின்னால் நூலைப் பிடித்துக் கம்பியையும் சேர்த்து வளைவு ஆரம்பிக்கிற இடம் வரை போய்த் திரும்புங்கள். நூலை முறுக்கில்லாமல் தட்டையாக விட்டால்தான் உடம்பு மெலிசாக வரும். போகும்போது ஒரு அடுக்கு, வரும்போது ஒரு அடுக்கு, மணிக்குப் பக்கத்தில் மட்டும் லேசாகத் தடிப்பு. பிறகு கம்பியை இடைவெளி விட்டு அஞ்சாறு சுற்று முன்னால் கொண்டுவந்து கட்டி, கத்தரியால் வெட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஒடியுங்கள், பிசிறில்லாமல் ஒடியும். கடைசி முடிச்சில் கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, அதையும் குண்டூசி முனையில் தொட்டு வையுங்கள். பாட்டில் பிரஷ்ஷால் தடவினால் கண் அடைத்துக்கொள்ளும், அப்புறம் விரல் விறைத்த குளிரில் அந்தக் கண்ணில் நரம்பு கோர்ப்பது பெரும்பாடு.

பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அதுதான் சரி. கனமாக அழகாக வந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். கறுப்பில் பாதி, சிவப்பில் கொஞ்சம், மீதி பாசி நிறம். அந்த சவுத் பிளாட் ஆற்றுக்காகவே ரிம் சங் என்பவர் உருவாக்கிய ஆர்எஸ்2 என்று ஒரு ஃபிளை உண்டு, சாம்பல் நிறம், அதையும் பாருங்கள். அதற்கு பீவர் என்கிற விலங்கின் ரோமமும் இறகும் வேண்டும் என்பதால் அங்கே போய் மருமகன் வீட்டு மேசையில் ரெண்டு பேருமாக உட்கார்ந்து கட்டலாம்.

கெடிலக்கரை, நெல்லிக்குப்பம்

தம்பிகளா, டிரவுட்டுக்கு டென்வர்தான் போகவேண்டும் என்றில்லை. நான் குந்தா மின் திட்டத்தில் வேலை பார்த்தவன், அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று எல்லா அணையும் நடந்து பார்த்திருக்கிறேன். நம் நீலகிரித் தண்ணீரிலும் ரெயின்போ டிரவுட் இருக்கிறது. 1860களில் ஃபிரான்சிஸ் டே கொண்டுவந்து பார்த்தார், கைகூடவில்லை. அப்புறம் வில்சன் என்ற அதிகாரி வந்து, 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஆரம்பித்தபிறகுதான் மீன் நிலைத்தது. அந்த ஓடைகளில் சாயங்கால வேளையில் டிரவுட் மேலே வந்து பூச்சி எடுக்கிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன், அவ்வளவு அழகு.

ஆனால் யாரும் இதைப் படித்துவிட்டுக் கம்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டாம். பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கிற நீர், முக்குர்த்தி தேசியப் பூங்காவும் அந்தப் பக்கம்தான், வனத்துறையும் மீன்வளத்துறையும் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் இறங்கவே கூடாது. இமாசலம் போகலாமா என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார், அங்கே டிரவுட் ஆறுகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி முடிய தடைக்காலம், மார்ச்சில் போங்கள்.

டென்வர்த் தம்பிக்கு ஒரு கேள்வி. நம் கடலில் மீன் முட்டையிடும் காலம் என்று தடை போடுகிறோமே, அங்கே குளிர்காலத்தில் பிடிப்பதால் குஞ்சுக்குக் கேடு இல்லையா?

உப்பனாற்றுத் தூண்டில், கடலூர் முதுநகர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இறகு சமாசாரத்தைக் கேட்டது நல்லதாகப் போயிற்று, மயிலிறகைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். நேற்றே வைண்டிங் கடைக்குப் போய்க் கம்பி வாங்கியாயிற்று, பட்டு நூலும் சொன்ன மாதிரியே இழை பிரிகிறது. 20 முள் மட்டும் இங்கே எங்கேயும் இல்லை, மருமகனிடம் சொல்லி அங்கிருந்து வருகிற நண்பர் கையில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். கெடிலக்கரை ஐயா கேட்டதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். அப்படியே துணிமணி பற்றியும் சொல்லிவிடுங்கள்.

முத்தியால்பேட்டைப் பையன், டென்வர்

லாஸ்பேட்டை நண்பர் சொன்னது சரிதான், கட்டியே கொண்டுவாங்க.

ஐயா கேட்டது முக்கியமான கேள்வி. பிரவுன் டிரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், அந்த முட்டை குளிர்காலம் முழுக்கக் கூழாங்கல்லுக்கு அடியில் இருக்கும். பாசி இல்லாமல் பளிச்சென்று வட்டமாகக் கிடக்கிற சரளையைப் பார்த்தால் அதன்மேல் கால் வைக்கக்கூடாது, அந்த இடத்தில் நிற்கிற மீனுக்குத் தூண்டிலும் போடக்கூடாது. ரெயின்போ இளவேனிலில் முட்டையிடும், மார்ச் வாக்கில் அதையும் பார்க்கவேண்டும். அணைக்குக் கீழே சீஸ்மன் பள்ளத்தாக்கில் பிடிக்கிற டிரவுட் எல்லாவற்றையும் திரும்ப விட்டாக வேண்டும், புழுவோ மாவோ கூடாது, ஃபிளையும் செயற்கை இரையும் மட்டும்தான். போட்டோவுக்காக மீனைத் தூக்கிப் பிடிப்பதும் வேண்டாம், உறையும் காற்றில் செவுள் சட்டென்று கெட்டுவிடும். வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுத்துவிடுங்கள்.

துணி என்றால், உள்ளே பருத்தி கூடவே கூடாது, ஈரமானால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை, கம்பளி சாக்ஸ், மேலே காற்று புகாத ஜாக்கெட். சாக்ஸ் ரெண்டு மூன்று போட்டு ஷூவை இறுக்காதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிடும். அடியில் கம்பளம் மாதிரி ஃபெல்ட் ஒட்டிய பூட்ஸ் பனியை அள்ளிக் கட்டிக்கொள்ளும், ரப்பர் அடியில் ஆணி வைத்தது கேளுங்கள். ராடு வளையத்தில் பனி அடைத்தால் தட்டி உடைக்காமல் தண்ணீரில் முக்கி எடுத்தால் கரைந்துவிடும்.

முதல் வாரம் எங்கேயும் போகாதீர்கள். டென்வரே 1,600 மீட்டர் உயரம், ஆறு இன்னும் மேலே, கிட்டத்தட்டக் கொடைக்கானல் உயரம், கடல் மட்டத்திலிருந்து வருகிறவருக்கு மூச்சு பழகவேண்டும். சீஸ்மன் பள்ளத்தாக்குக்குள் பனியில் நடக்கவேண்டியிருக்கும், அதை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருக்கிற டெக்கர்ஸ் என்ற இடத்துக்குப் போங்கள், ரோட்டோரமாகவே ஆறு ஓடுகிறது, காரில் ஹீட்டர் போட்டு வைத்து நடு நடுவே வந்து உட்காரலாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கவே வேண்டாம், கணுக்கால் அளவிலிருந்தே எட்டும் மீன் நிறைய இருக்கிறது. லைசென்ஸ் ஒரு நாளைக்கும் கிடைக்கும், அஞ்சு நாளைக்கும் கிடைக்கும், பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு மருமகனோடு கடைக்குப் போய் வாங்கிவிடுங்கள். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்க சார், ஒரு சனிக்கிழமை நானும் வருகிறேன்.